ஆடை நீக்கிய பாலும் ஒரு சீஸ் கேக்கும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது பழமொழி. இன்று நம் இளைஞர்கள் அந்தச் சுவரைக் கட்டுவதில் பேரார்வம் காட்டுகிறார்கள். பெரியாறு, கோவிலாறு என இரு அணைகளைக் கொண்ட எங்கள் பிளவக்கல்லில், பொழுது விடியுமுன்னே அணைக்குப் போகும் சாலையில் பையன்கள் ஓடுவதைக் காணலாம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். கயிறு ஏற வேண்டும். அப்படி ஓடுபவர்களுள் என் தம்பியும் ஒருவன்.

சென்ற ஆண்டு அவன் ஒரு டப்பா புரதப் பொடி வாங்கி வந்தான். அதன் விலை, இரண்டு பசுக்களை வைத்து எங்கள் அம்மா ஈட்டும் பத்து நாள் பால் காசு. வீட்டில் பெரிய சண்டை. "பால் கறக்கிற வீட்டுல பொடிய வாங்கிக் கரைச்சுக் குடிக்கிறியாடா?" என்று அம்மா கேட்டார். "அக்கா, நீ படிக்கிறியே, நீயே சொல்லு" என்று தம்பி என்னைப் பார்த்தான். அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

பாலில் உள்ளது என்ன?

பசும்பால் 100 மில்லியில் ஏறத்தாழ 3.2 கிராம் புரதம், 4 கிராம் கொழுப்பு, 4.5 கிராமுக்குச் சற்று மேல் பால் சர்க்கரை ஆகியவை உள்ளன. பால் சங்கத்தில் கொழுப்பையும், கொழுப்பு அல்லாத திடப்பொருளையும் அளந்து விலை போடுகிறார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சில் "சத்து" என்றால் கொழுப்புதான். ஆடை கட்டினால் நல்ல பால்; கட்டாவிட்டால் தண்ணீர்ப் பால்.

உடலை உரமாக்க விரும்புவோர் தேடும் புரதமோ ஆடையில் இல்லை. ஆடைக்குக் கீழே உள்ள பாலில் இருக்கிறது. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. ஒரு கிராம் புரதம் 4 கலோரிதான். எனவே ஆடையை நீக்கினால் கலோரி வெகுவாகக் குறைகிறது; புரதம் அப்படியே தங்குகிறது. தம்பி வாங்கிய பொடியும் வேறு உலகத்துப் பொருளன்று. பாலாடைக்கட்டி செய்யும் ஆலைகளில், ஒரு காலத்தில் கழிவாகக் கொட்டப்பட்ட மோர்நீரிலிருந்து எடுப்பதே அது. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான் எங்கள் வீட்டுக் கதை!

இனிப்பும் வேண்டும்

வெறும் பாலையும் முட்டையையும் எத்தனை நாள் உண்பது? ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாக்கு பால்கோவாவில் பழகியது. 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அந்த இனிப்பில், பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் பால் சுண்டும்போது நீர் மட்டுமே போகிறது. கொழுப்பும் சர்க்கரையும் திரண்டு நிற்கின்றன. திருநாளுக்கு அது சரி. நாள்தோறும் ஓடுகிறவனுக்குச் சரிப்படாது.

அப்போதுதான் சீஸ் கேக்கைப் பற்றிப் படித்தேன். இது புதிய நாகரிகப் பண்டம் என்று எண்ணியிருந்தேன். அவ்வாறன்று. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமானியரான கேட்டோ எழுதிய வேளாண்மை நூலிலேயே, பாலாடைக்கட்டியை மாவும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து, இலைமேல் வைத்து, சட்டியால் மூடிச் சுடும் முறை காணப்படுகிறது. நம் நாட்டில் ஒடிசா மக்கள் பாலைத் திரித்து எடுத்த சேனாவைச் சர்க்கரையுடன் சேர்த்துச் சுட்டு "சேனா போடா" செய்கிறார்கள்.

மேனாட்டுச் சீஸ் கேக்கில் சேரும் கிரீம் சீஸில் 100 கிராமுக்குக் கொழுப்பு 34 கிராம், புரதம் 6 கிராம் மட்டுமே. இந்தக் கணக்கைத் தலைகீழாக்குவதே என் முயற்சி.

செய்முறை

ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, இரவு முழுதும் குளிர்ச்சியில் வைத்து, காலையில் ஆடையை எடுத்துவிட வேண்டும். (எங்கள் வீட்டில் அந்த ஆடை நெய்யாகிவிடுகிறது, ஒன்றும் வீணில்லை.) கையால் எடுக்கும்போது கொழுப்பு முழுவதும் போகாது. கடையில் வாங்குவோர் 1.5 சதவீதக் கொழுப்புள்ள, இருமுறை சமன்படுத்திய பாலை வாங்கலாம். என் கணக்கும் அந்தப் பாலுக்கே.

பாலை மீண்டும் கொதிக்கவைத்து இறக்கி, இரண்டு நிமிடம் கழித்து, நீர் கலந்த எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றினால் பால் திரியும். துணியில் வடித்து, குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசி, அரைமணி நேரம் கட்டித் தொங்கவிட வேண்டும். அதேபோல் ஆடை நீக்கிய அரை லிட்டர் பாலில் உறைந்த தயிரையும் துணியில் கட்டி நான்கு மணி நேரம் நீர் வடிக்க வேண்டும்.

இரண்டையும் மைய அரைத்து, இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, 60 கிராம் பொடித்த கருப்பட்டி, ஒரு மேசைக்கரண்டி ரவை, ஏலப்பொடி சேர்த்துக் கலக்க வேண்டும். வாழையிலை விரித்த பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். அடிகனமான பெரிய பாத்திரத்தில் ஒரு விரற்கடை மணல் பரப்பி, மூடி, பத்து நிமிடம் சூடாக்கி, உள்ளே ஒரு தாங்கியின் மேல் கேக்குப் பாத்திரத்தை வைத்து, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வேகவிட வேண்டும். நடுப்பகுதி இலேசாக ஆடும்போதே அடுப்பை அணைத்து, மூடியைச் சற்றே திறந்துவைத்து ஆறவிட வேண்டும்.

வேதியியல் சொல்வது

பாலின் பி.எச். அளவு 6.6 அளவில் உள்ளது. அதில் கேசீன் என்னும் புரதத் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டு ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. புளிப்பு ஏறி 4.6-ஐ நெருங்கும்போது அம்மின்னேற்றம் நீங்கித் துகள்கள் திரள்கின்றன. தயிர் உறைவது இவ்வாறே. கொதித்த பாலில் அந்த எல்லைக்கு முன்பே திரிந்துவிடும். மேலும், கொதியால் உருமாறிய மோர்ப் புரதமும் பெரும்பாலும் கேசீனோடு ஒட்டிக்கொள்ளும். ஆகையால் பாலைக் கொதிக்கவைப்பது இன்றியமையாதது.

என் முதல் கேக் தோல்வி. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினேன். மேலே வெடிப்பு, அடியில் தண்ணீர், நடுவே ரப்பர்! தம்பி அதைப் பந்துபோல் உருட்டிக் காட்டினான். காரணம் என்ன? மிகுந்த சூட்டில் புரத இழைகள் இறுகி, தம்மிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. வழக்கமான சீஸ் கேக்கில் கொழுப்பு இழைகளுக்கிடையே புகுந்து அவை இறுகாமல் காக்கும். நாமோ அந்தக் காவலரை வெளியேற்றிவிட்டோம்! எனவே சிறு தீயே கதி.

விடை அம்மாவிடமிருந்துதான் வந்தது. "மோர்க்குழம்பக் கொதிக்க விட்டா திரியாதா? அரிசியும் பருப்பும் எதுக்கு அரைச்சு ஊத்துறோம்?" என்றார். மாவுச்சத்து புரத இழைகளுக்கிடையே நின்று நீரைப் பிடித்துவைக்கிறது. ரவை சேர்ந்தது அதன் பிறகே. எந்தக் கல்லூரியிலும் பயிலாத அம்மாவின் அடுப்பங்கரையும் ஓர் ஆய்வுக்கூடமே என்பதை அன்று உணர்ந்தேன்.

கணக்கு

ஆறு துண்டாக்கினால், துண்டொன்றுக்குப் புரதம் சுமார் 8 கிராம். கொழுப்பு 4 கிராமுக்குள். கலோரி ஏறத்தாழ 120. 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடை கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். கடும் பயிற்சி செய்வோருக்கு கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை வேண்டும் என்று விளையாட்டு உணவியலார் கூறுகின்றனர். ஆகவே இரண்டு துண்டு கேக்கால் எவரும் பயில்வான் ஆகிவிட முடியாது. பருப்பு, சுண்டல், முட்டை, மீன் எல்லாம் சேர்ந்தே அக்கணக்கு நிறைவுறும். சர்க்கரை நோயுள்ளவர்கள் கருப்பட்டியையும் சர்க்கரையாகவே கருதுதல் வேண்டும்.

தம்பியின் டப்பா தீர்ந்துவிட்டது. அடுத்த டப்பா வாங்கவில்லை. ஞாயிறுதோறும் எங்கள் அடுப்பில் மணல் பாத்திரம் ஏறுகிறது. "பால்கோவா ஆகுமா?" என்று கேட்டுக்கொண்டே அம்மாவும் ஒரு துண்டு எடுத்துக்கொள்கிறார்.

விடியலில் பால் கறந்து அத்தனையையும் சங்கத்துக்கு ஊற்றிவிட்டுக் கறுப்புக் காப்பி குடிக்கும் வீடுகள் எங்கள் பக்கம் பல உண்டு. ஓடுகின்ற பிள்ளைக்கு மட்டுமன்று, கறக்கின்ற தாய்க்கும் அந்தப் பாலில் ஒரு பங்கு வேண்டும். நாம் கற்கும் வேதியியல் அதைச் சொல்லவும் பயன்படட்டும்!