எந்த எண்ணெயில் எவ்வளவு வலி?

ஆந்திராவின் பழைய சித்தூர் மாவட்டம் மானாவாரி வேர்க்கடலைக்குப் பேர்போனது. ‘நாராயணி’, ‘தரணி’ ரகங்கள் திருப்பதி வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்தவை. கடலையெண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லினோலிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பு. சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல். வலியை ஆராய்கிறவர்கள் சிலரின் கண் இப்போது இந்த அமிலத்தின் மேல்தான்.

அந்த ஆய்வுக்கு உதவுவது எலி. எலிக்கு வலிப்பதை எப்படி அளப்பது? கண்ணாடித் தளத்தில் நிற்கவிட்டு, கீழிருந்து ஒளியைப் பாய்ச்சிப் பாதத்தைச் சூடேற்றுவார்கள். எத்தனை நொடியில் காலை இழுத்துக்கொள்கிறது என்பதே கணக்கு. 1988-இல் இந்த முறையைக் கொண்டுவந்தவர் கென்னத் ஹார்கிரீவ்ஸ். அவருடைய டெக்சாஸ் குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஒமேகா-6 மிகுந்த தீனி தின்ற சுண்டெலிகளுக்குக் காயம் ஏதும் இல்லாமலே வலியுணர்வு கூடியது. தீனியில் ஒமேகா-6-ஐக் குறைத்து ஒமேகா-3-ஐக் கூட்டியதும் அது தணிந்தது.

காரணம் நரம்பிலேயே இருக்கிறது. தின்ற கொழுப்பு நரம்புச் செல்லின் சவ்வில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து பிரியும் லினோலிக் அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைந்து, ‘டிஆர்பிவி1’ என்ற உணர்வியைத் தூண்டுகிறது. மிளகாயின் காரத்தையும் சுடுபொருளையும் நமக்கு உணர்த்துவது இதே உணர்விதான்; இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆவக்காய் ஊறுகாய் ருசித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எலிக்கு நடப்பது மனிதனுக்கும் நடக்குமா? அமெரிக்காவில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் 182 பேருக்கு 16 வாரம் உணவை மாற்றிப் பார்த்தார்கள். ஒமேகா-3 கூட்டி ஒமேகா-6 குறைத்தவர்களுக்கு, வழக்கமான உணவுக்காரர்களைவிட மாதத்தில் சுமார் 4 தலைவலி நாட்கள் குறைந்தன. வாழ்க்கைத் தர மதிப்பெண்ணில் மட்டும் தெளிவான முன்னேற்றம் இல்லை.

இதை வைத்துக் கடலையெண்ணெயைக் குற்றவாளியாக்குவது அவசரம். லினோலிக் அமிலம் உடம்புக்குத் தேவை. கொலஸ்ட்ராலைக் குறைக்கவும் உதவுகிறது. சிக்கல் அளவில்தான். 2020-இல் வந்த ‘கிர்னார் 4’, ‘கிர்னார் 5’ வேர்க்கடலை ரகங்களில் ஒலிக் அமிலம் என்ற வேறொரு கொழுப்பு 80 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் லினோலிக் மிகக் குறைவு. ஒமேகா-3-க்கு மத்தி மீனும் ஆளி விதையும் உண்டு.

எண்ணெயை மாற்றினாலும், அதை நம்பி வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.