பற்றரியை மாற்றுமுன் அளந்து பார்ப்போம்

கினிகத்தேனையிலிருந்து வட்டவளை, ஹட்டன் நோக்கி ஏறும் பாதையில் மழைக்கும் மூடுபனிக்கும் குறைவில்லை. முன்விளக்கையும் துடைப்பானையும் போட்டுக்கொண்டு பகலிலும் மெதுவாகவே ஏறவேண்டும். இரவில் நோயாளியை ஏற்றிச் செல்லும் வான், விளக்கு மங்கி நடுவழியில் நின்றால் அது உயிர்ப் பிரச்சினை. ஆயினும் வாகனம் ஸ்டார்ட் ஆகாவிட்டால் நாம் உடனே பற்றரியையே குறை கூறுகிறோம். கடன்பட்டுப் புதிது வாங்குகிறோம். உண்மையான பழுது வேறிடத்தில் இருந்தால் அதுவும் சில நாட்களில் இறங்கிவிடுகிறது.

பற்றரி மின்சாரத்தைச் சேமித்து வைப்பது மட்டுமே. அதை நிரப்புவது, எம்மவர் பலர் 'டைனமோ' என்றழைக்கும் ஓல்டர்னேற்றர். லக்சபானவில் 1950 முதல் நீரின் விசை மின்பிறப்பாக்கியைச் சுழற்றி வருவதுபோல, இங்கு எஞ்சினின் பெல்ட் இதைச் சுழற்றுகிறது. உள்ளிருக்கும் டயோட்டுகள் மின்சாரத்தை ஒரே திசையில் செலுத்துகின்றன. ரெகுலேற்றர் வோல்ற்றளவு மிஞ்சாமல் காக்கிறது.

12 வோல்ற்று வாகனத்தைச் சோதிக்கச் சாதாரண மல்டிமீற்றர் போதும். பற்றரியின் இரு முனைகளிலும் அளக்க வேண்டும்.

1. இரவு முழுவதும் ஓடாமல் நின்ற வாகனத்தில் சுமார் 12.6 வோல்ற்று இருந்தால் பற்றரி நிறைந்துள்ளது. 12 அளவில் இருந்தால் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது.

2. எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 12.6ஐத் தாண்டாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் பழுது. பற்றரி நீர் கொதித்து வற்றும், பல்புகள் எரிந்துபோகும்.

3. விளக்கு, துடைப்பான் எல்லாவற்றையும் போட்டபின்னும் 13க்குக் கீழே இறங்கக் கூடாது.

கணினி சார்ஜைக் கட்டுப்படுத்தும் புதிய வாகனங்களில் இவ்வளவுகள் ஏறி இறங்கலாம்.

குறை தெரிந்தால் செலவில்லாதவற்றை முதலில் பார்ப்போம். பெல்ட் தளர்ந்துள்ளதா? பற்றரி முனைகளில் வெண்பச்சைப் பூஞ்சணம் படிந்துள்ளதா? எம் பகுதி ஈரத்தில் எர்த் வயரின் பிடிமானமும் துருப்பிடிக்கும். எஞ்சின் ஓடும்போது, விளக்குகளும் எரிய, எஞ்சின் உடலுக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்ற்றுக்கு மேல் இருக்கக் கூடாது. இவை சரியென்றால் மட்டுமே ஓல்டர்னேற்றரைக் கழற்றிக் கராஜுக்குக் கொண்டுபோவோம்.

எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுவோம். அப்போது திடீரென எழும் உயர் வோல்ற்று, நல்ல டயோட்டுகளையும் எரித்துவிடக்கூடும். பற்றரியின் அருகே பீடி, தீக்குச்சி வேண்டாம்; அதிலிருந்து வெளிவரும் வாயு வெடிக்கக்கூடியது.

ஒரு தோட்டத்துச் சாரதிகள் சேர்ந்து ஒரு மீற்றரை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். தேவையற்ற ஒரு பற்றரிச் செலவைத் தவிர்த்தாலே அந்தப் பணம் திரும்பிவிடும்.