கடவுள் இல்லைன்னு சொல்ல நம்மள்ல யாருக்கு எவ்வளவு செலவாகுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை படப்பையில எங்க வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். ஆடி மாசம், ஞாயித்துக்கிழமை. தெரு முனையில அம்மனுக்குக் கூழ் ஊத்துறாங்க. பின்னாடி ஸ்பீக்கர் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, எடிட்ல முடிஞ்ச அளவு குறைச்சிருக்கேன்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ரெகுலரா கேக்குறவங்களுக்கு இது தெரியும். நம்பிக்கை உள்ளவங்களைப் பத்தி நிறையப் பேசியாச்சு. இன்னைக்கு நம்மளைப் பத்திப் பேசலாம். நம்மன்னா, நம்பிக்கை இல்லாத கூட்டத்தைச் சொல்றேன்.

காரணம், போன ஆடியில நடந்த ஒரு டீக்கடைப் பேச்சு. வாரக் கடைசியில முடிச்சூர் ரோட்டுல நாங்க ஆறு பேர் கூடுவோம். எல்லாரும் நாத்திகர்கள். அன்னைக்குக் காலையில கூழ் வரிசையில நின்ன பெண்களைக் கிண்டல் பண்ணி நான் ஒரு ஸ்டேட்டஸ் போட்டிருந்தேன். எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிச்சிட்டு இருந்தோம். ஒருத்தன் மட்டும் சிரிக்கல. அவன் முஸ்லிம் குடும்பத்துல பிறந்தவன், ஆறு வருஷமா நம்பிக்கை இல்லை. (அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் இதைச் சொல்றேன். அடையாளம் தெரியுற விவரங்களை மாத்தியிருக்கேன்.)

அவன் சொன்னான்: "மச்சான், நீ ஸ்டேட்டஸ் போட்டுட்டு வீட்டுக்குப் போய் அதே கூழைக் குடிச்சிருப்ப. நான் வீட்டுல வாயைத் திறந்தா என் தங்கச்சி கல்யாணம் நின்னுடும்."

கூழ் குடிச்சது உண்மை. சின்ன வெங்காயம், கருவாட்டுக் குழம்போட ரெண்டு சொம்பு.

அப்புறம் அவன் கேட்டான்: "ஃபாரூக்னு ஒருத்தர் இருந்தாரே, உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?" ரெண்டு பேர் கை தூக்கினோம்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஃபாரூக் கோயம்புத்தூர்க்காரர். பழைய இரும்பு வியாபாரம். திராவிடர் விடுதலைக் கழகத்துல இருந்தார். முகநூல்லயும் வாட்ஸ்அப்லயும் கடவுள் மறுப்பு எழுதினார். 2017 மார்ச் 16 ராத்திரி வெட்டிக் கொன்னுட்டாங்க. வயசு 31. இந்த வழக்குல பிடிபட்டவங்களும் சரணடைஞ்சவங்களும் அவர் பிறந்த மதத்தைச் சேர்ந்தவங்க. அதுக்கப்புறம் அவரோட அப்பா, நம்பிக்கை உள்ள மனிதர், மகன் இருந்த இயக்கத்துல தானும் சேரப்போறதா பத்திரிகைகள்கிட்ட சொன்னார்.

தமிழ்நாட்டுல கடவுள் மறுப்பு ஒரு பெரிய மரபு. தெருவுக்குத் தெரு பெரியார் சிலை இருக்கு. அதுக்குக் கீழே நின்னு பேசினதுக்காக என் வயசுக்காரன் எவனும் பயந்து நான் பார்த்ததில்லை. அந்த தைரியத்தை என்னோட சொந்தச் சொத்துன்னு நினைச்சிட்டு இருந்தேன். அதுல பாதி நான் பிறந்த வீட்டோட விலாசம்.

சட்டத்தையே எடுத்துக்கோங்க. நான் என்ன கத்தினாலும் சட்டத்தோட கண்ணுக்கு நான் இந்துதான். அது எனக்கு வசதியும்கூட. 1967ல அண்ணா ஆட்சி இந்து திருமணச் சட்டத்துல 7ஏ பிரிவைச் சேர்த்து சுயமரியாதைத் திருமணத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது. ஐயர் வேண்டாம், மாலை மாத்தினாலே போதும். ஆனா அந்தப் பிரிவை ஒருதடவை படிச்சுப் பாருங்க. ரெண்டு இந்துக்களுக்கு நடுவுல நடக்குற கல்யாணத்துக்குத்தான் அது பொருந்தும். என் நண்பன் அவனைப் போலவே நம்பிக்கை இல்லாத ஒரு இந்து வீட்டுப் பெண்ணைக் கட்டணும்னா, ரெண்டு பேருமே நாத்திகர்களா இருந்தாலும், 1954 சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போகணும். 30 நாள் நோட்டீஸ். பேரு, விலாசம் எல்லாம் அலுவலகப் பலகையில. வீட்டுக்குத் தெரியாம பார்த்துக்கணும்னு நினைக்கிற ஜோடிக்கு அந்த 30 நாள் என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

சொத்து விஷயமும் அப்படித்தான். கேரளாவைச் சேர்ந்த சஃபியாங்கற பெண், நான் மதத்தை விட்டுட்டேன், எனக்கு ஏன் ஷரியத் வாரிசு விதி, பொதுவான இந்திய வாரிசுச் சட்டம் பொருந்தக்கூடாதான்னு உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2024 ஏப்ரல்ல கோர்ட் அதை விசாரிக்க எடுத்துக்கிச்சு. நம்ம டீக்கடையில இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. எங்களுக்குத் தேவைப்படல, அவ்வளவுதான்.

இங்க இன்னொரு விஷயத்தையும் சொல்லணும். ஃபாரூக் பேரை நாம எடுக்கலன்னா வேற ஆட்கள் எடுப்பாங்க, "பார்த்தீங்களா, அந்த மதமே இப்படித்தான்"னு. அதே ஆட்கள் 2013ல புனேயில சுட்டுக் கொல்லப்பட்ட நரேந்திர தபோல்கரைப் பத்தியோ, 2015ல கொல்லப்பட்ட கல்புர்கியைப் பத்தியோ பேசவே மாட்டாங்க. என் நண்பனுக்கு ரெண்டு பக்கமும் இடம் இல்லை. தன் மதத்தை விமர்சிச்சா, அவங்க அம்மாவுக்கு வாடகைக்கு வீடு தர மறுக்கிறவன் வந்து கை தட்டுறான். நாங்க அஞ்சு பேரும் பிரச்சினை வேண்டாம்னு அமைதியா இருந்துக்கறோம்.

சாதிக்கு வருவோம். 2019ல திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா சாதி, மதம் அற்றவர்னு சான்றிதழ் வாங்கினாங்க. பல வருஷப் போராட்டம், பெரிய விஷயம். நாங்களும் கொண்டாடினோம். ஆனா எங்க ஆறு பேர்ல ஒருத்தன் பட்டியல் சாதி. "எனக்கு அந்தச் சான்றிதழ் வேண்டாம்டா, இருக்கிற சான்றிதழ்லதான் ஸ்காலர்ஷிப் வாங்கிப் படிச்சேன்"னு சொன்னான். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவங்கதான் பட்டியல் சாதிக்குள்ள வருவாங்க. மதமே இல்லைன்னு எழுதிக் கொடுத்தா அவனோட உரிமை கேள்விக்குள்ளாகும். சாதியைத் தூக்கிப் போட முதல்ல கையில வேற ஏதாவது இருக்கணும். இதுக்கு நடுவுல எங்களுக்கு மேடைப் பேச்சு சொல்லிக் கொடுத்த அண்ணன் ஒருத்தர் போன தை மாசம் ஜாதகம் பார்த்து சொந்த சாதியிலயே கல்யாணம் பண்ணிக்கிட்டார். "பொண்ணு வீட்டுல கேட்டாங்க தம்பி." போனோம், சாப்பிட்டோம், வந்தோம்.

கிண்டல் பண்றதே தப்புன்னு நான் சொல்ல வரல. பெரியார் 1953ல பிள்ளையார் பொம்மையை உடைச்சார். நாள் குறிச்சு, அறிவிச்சு, பொது இடத்துல, தன் பேர்ல. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஒரு பிரிவினர் புனிதமா நினைக்கிற பொருளை அப்படிச் சாதாரணமா ஒதுக்கக்கூடாதுன்னு 1958ல கோர்ட் சொன்னது. காலம் கடந்துட்டதால மேல நடவடிக்கை எடுக்கல. அதே பெரியார் குன்றக்குடி மடத்துல திருநீறு கொடுத்தப்போ மறுக்காம வாங்கிக்கிட்டார்னு இன்னைக்கும் மேடைகள்ல சொல்லுவாங்க. அவருக்கும் அடிகளாருக்கும் இருந்த நட்பு ஊரறிஞ்சது. அதிகாரத்தோட மோதும்போது ஒரு மாதிரி, எதிர்ல உட்கார்ந்திருக்கிற மனுஷன்கிட்ட ஒரு மாதிரி. நான் போட்ட ஸ்டேட்டஸ் எந்த அதிகாரத்தோட மோதிச்சு? சொந்தக்காரங்களுக்குத் தெரியாம மறைச்சு வேற வெச்சிருந்தேன்.

அந்த வரிசையில எங்க அம்மாவும் நின்னாங்க. எங்க அம்மா வீட்டை விட்டு யாரையும் கேக்காம வெளிய போறது கோயிலுக்கு மட்டும்தான். வெள்ளிக்கிழமை ரெண்டு மணி நேரம். அங்க அவங்களுக்குத் தோழிகள் இருக்காங்க, சீட்டுப் பணம் பேசுவாங்க, மருமகளைப் பத்திப் புலம்புவாங்க. அதுக்குப் பதிலா நான் அவங்களுக்கு என்ன கொடுத்திருக்கேன்? எங்க டீக்கடைக் கூட்டத்துல ஒரு பெண்கூட இல்லை. ஏன் வரலைன்னு நம்பிக்கை இல்லாத ஒரு தோழிகிட்ட கேட்டேன். "ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு டீக்கடைக்கு நான் எப்படிடா வர்றது? எங்க அம்மாகிட்ட கோயிலுக்குன்னா விடுவாங்க"ன்னா. இப்போ சனிக்கிழமை சாயங்காலம் தாம்பரத்துல ஒரு நூலகத்துல கூடுறோம். நாலு பெண்கள் வர்றாங்க. டீ அவ்வளவு நல்லா இல்லை.

நண்பனோட தங்கச்சி கல்யாணம் போன மாசம் நடந்தது. அவன் தொப்பி போட்டுக்கிட்டு நிக்காஹ்ல உட்கார்ந்தான். நாங்க அஞ்சு பேரும் போயிருந்தோம். யாரும் அவனை ஃபோட்டோ எடுக்கல, கிண்டலும் பண்ணல. பிரியாணி பரிமாறினோம்.

சாப்பிட்டு முடிச்சு வெளிய நிக்கும்போது அவன் கேட்டான்: "நான் செத்தா என்னடா பண்ணுவீங்க?" உடல் தானம் எழுதி வெச்சா போச்சுன்னு சொன்னேன். அரசு மருத்துவக் கல்லூரியில வாங்கிக்குவாங்க. ஆனா எழுதி மட்டும் வெச்சா பத்தாது, கடைசியில குடும்பம் ஒத்துக்கணும். அவன் விஷயத்துல ஜமாஅத் வரும், அடக்கம் நடக்கும். நண்பர்கள்னு போய் நிக்க எங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது.

என் படிவத்தை வாங்கி வெச்சிருக்கேன். குடும்பத்துல ஒருத்தர் கையெழுத்து வேணும், அம்மாகிட்டதான் கேக்கணும். இன்னும் கேக்கல. கீழ இருந்து கூப்பிடுறாங்க, கூழ் வந்துடுச்சு போல. அடுத்த வாரம் பேசலாம்.