வட்டைத் துண்டாடலாமா?

துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே நம் பெரியவர்களுக்கு நெஞ்சு பதறும். 1950-களில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் இழந்த குடும்பங்கள் பல. அந்நிலையை எதிர்கொள்ளவே, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்.

கணினி வட்டிலும் ஒரு துண்டாடல் உண்டு. இது குடும்பத்தின் நன்மைக்கு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், பழைய கணினியைத் துடைத்துப் புதிதாக அமைப்போர் இதை அறிந்திருப்பது நலம்.

வரைபடம் எது?

தோட்ட அலுவலகத்தில் டிவிஷன் எல்லைகளைக் காட்டும் வரைபடம் இருக்குமல்லவா? வட்டின் தொடக்கத்திலும் அப்படியொன்று உண்டு. 1983-இல் வந்த எம்.பி.ஆர். முறையில் முதன்மைப் பிரிவுகள் நான்குதான். வட்டிலும் சுமார் 2 டெராபைட் வரையே பயன்படும். அடுத்து வந்த ஜி.பி.டி. முறையில், விண்டோஸ் 128 பிரிவுகள் வரை அனுமதிக்கிறது. வரைபடத்தின் நகல் ஒன்றும் வட்டின் கடைசியில் இருக்கும். விண்டோஸ் 8 வெளிவந்த 2012-க்குப் பின் விற்கப்பட்ட பெரும்பாலான கணினிகளுக்கு ஜி.பி.டி.யே ஏற்றது. மிகப் பழைய கணினிக்கு மட்டும் எம்.பி.ஆர். போதும்.

எத்தனை துண்டு?

வட்டு 250 ஜிகாபைட்டோ அதற்குக் குறைவோ என்றால் பிரிக்க வேண்டாம். இரண்டு பக்கமும் இடம் நெருக்கும். 500 ஜிகாபைட் இருந்தால், 150-ஐ விண்டோசுக்கு 'சி' என ஒதுக்கி, மீதியைப் பிள்ளைகளின் பாடங்களுக்கும் படங்களுக்கும் 'டி' என வைக்கலாம். அடுத்த முறை விண்டோஸ் கெட்டால் 'சி'யை மட்டும் துடைத்தால் போதும். 'டி' அப்படியே இருக்கும். விண்டோஸ் தானாக உண்டாக்கும் சிறு பிரிவுகளைக் கண்டு, வீண் இடமென்று அழித்துவிடாதீர்கள். கணினி எழுந்து நிற்பதே அவற்றால்தான்.

முதல் வேலை

'டி'யில் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்கலாகாது. வட்டே பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். எம்.பி.ஆரிலிருந்து ஜி.பி.டி.க்கு மாற்றும்போதும் பெரும்பாலும் வட்டு முழுவதையும் துடைத்துவிடுவார்கள். ஆகவே, கடைக்குக் கொடுக்கும் முன்பே வெளிவட்டு ஒன்றில் நகலெடுத்து, படங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

விண்டோஸை எத்தனை முறையும் மீண்டும் ஏற்றலாம். ஆனால் நாம் பிறந்த லயம் இடிக்கப்பட்டு, அங்கே இன்று வீடமைப்புப் பகுதி நிற்கிறது. அந்த லயத்து வாசலில் தாத்தா நிற்கும் படம் அழிந்தால், அதை எந்தக் கடையில் போய் வாங்குவது?