உங்கள் பூனை ஏன் ஓயாமல் நக்குகிறது?

மாலையில் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, ஒரு குவளைத் தேத்தண்ணீரோடு வாசற்படியில் உட்காருகிறீர்கள். வீட்டுப் பூனை வழக்கம்போல் காலைச் சுற்றி வருகிறது. அதன் முதுகைத் தடவிக் கொடுக்கும்போதுதான் உங்கள் கண்ணில் படுகிறது: வால் பக்கத்தில் முடி இல்லை. தொடையின் உட்புறம் மழித்துவிட்டது போல் வழவழவென்று இருக்கிறது. கழுத்தில் சொறிந்து சொறிந்து புண்ணாகியிருக்கிறது.

உடனே வீட்டில் பேச்சு எழும். "பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளப் போகிறது, கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்பார் ஒருவர். "கறுப்பெண்ணெய் தடவினால் சரியாகிவிடும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். பத்தாங் காலி, உலு யாம், ராசா, செரண்டா வட்டாரத்தில் சாக்குப் பையில் கட்டிச் செம்பனைக் காட்டோரம் விடப்படும் பூனைகளில் இப்படிச் சொறி பிடித்தவையும் உண்டு. எலி பிடித்து நம் அரிசி மூட்டையைக் காத்த பிராணிக்கு இப்படி ஒரு முடிவு வரலாமா? அதை விரட்டுவதற்கு முன், மருந்து தடவுவதற்கும் முன், அரிப்புக்குக் காரணம் என்ன என்று கண்டுபிடியுங்கள். அதற்கு வழி சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நக்குவது இயற்கைதான்

பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ கால்பங்கு வரை அதற்கே செலவிடும். அதன் நாக்கில் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் ஏறத்தாழ 300 இருக்கின்றன. இவற்றின் நுனி கரண்டிபோல் குழிந்திருப்பதையும், அந்தக் குழியில் உமிழ்நீரை ஏந்தி முடியின் அடிவரை கொண்டுபோவதையும் 2018-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நல்ல சீப்பு, நல்ல குளியல், இரண்டும் ஒன்றாய் அமைந்த நாக்கு அது. ஆனால் உடம்பில் அரிப்பு வந்துவிட்டால் அதே நாக்கு அரமாக மாறிவிடுகிறது.

முதலில் ஒன்றைப் பாருங்கள். முடி தானாக உதிர்ந்ததா, பூனையே நக்கி அறுத்ததா? வெறுமையான இடத்தை விரலால் எதிர்ப்புறமாகத் தடவுங்கள். சவரம் செய்த தாடை போல் சொரசொரப்பாக இருந்தால், முடி முளைக்கிறது, பூனைதான் அதை அறுக்கிறது என்று கொள்ளலாம். "எங்கள் பூனை நக்குவதை நாங்கள் பார்த்ததே இல்லையே" என்று நீங்கள் சொல்லலாம். பல பூனைகள் ஆள் இல்லாத நேரத்தில், கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு நக்கும். மருத்துவர் நாலு முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார். நுனி முறிந்திருந்தால் குற்றவாளி நாக்கேதான்.

முதல் சந்தேகம்: தெள்ளுப்பூச்சி

பூனையின் அரிப்புக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது தெள்ளுப்பூச்சியை. உண்ணி வேறு, தெள்ளு வேறு. உண்ணி தோலைக் கடித்துக்கொண்டு ஒரே இடத்தில் தொங்கும். தெள்ளு முடிக்குள் ஓடும், குதிக்கும்.

"பார்த்தோம், ஒன்றுகூட இல்லையே" என்று பலர் ஏமாந்துபோவது இங்கேதான். ஓயாமல் நக்கும் பூனை தெள்ளுகளையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது! ஆகவே பூச்சியைத் தேடாதீர்கள், அதன் எச்சத்தைத் தேடுங்கள். ஒரு வெள்ளைக் காகிதத்தை நனைத்துத் தரையில் விரியுங்கள். பேன் சீப்பால் பூனையின் முதுகையும் வால் அடியையும் அதன்மேல் வாரிவிடுங்கள். மிளகுத்தூள் போல் கரும்புள்ளிகள் விழும். கொஞ்ச நேரத்தில் அந்தப் புள்ளியைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் ஊறினால், அது பூனையின் இரத்தத்தைக் குடித்த தெள்ளின் கழிவு. சாதாரண மண்ணாக இருந்தால் சிவக்காது. காசு செலவில்லாத சோதனை இது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளே செய்யலாம்.

சில பூனைகளுக்குத் தெள்ளின் உமிழ்நீர் ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்ட பூனைக்கு நூறு பூச்சி வேண்டாம், இரண்டு மூன்று கடித்தாலே போதும், பல நாளுக்கு அரிப்பு தீராது. வால் அடி, தொடையின் உட்புறம், வயிறு, கழுத்து, இந்த இடங்களில்தான் முடி போகும்.

இன்னொரு சங்கதியும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டை வரை இடும். அந்த முட்டைகள் பூனையின் மேல் தங்குவதில்லை. உருண்டு பாயிலும், பலகை இடுக்கிலும், நாற்காலி மெத்தையிலும் விழுகின்றன. புழுவாகிக் கூடு கட்டிக்கொண்டு, தக்க நேரம் பார்த்து மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். கண்ணில் படும் பூச்சி நூற்றில் ஐந்து என்றால், மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் வீட்டுக்குள் இருக்கிறது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. குளிர்நாட்டில் பனிக்காலம் வந்தால் இவை குறையும். நம் நாட்டு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஆண்டு முழுதும் இவற்றுக்குக் கொண்டாட்டம்தான்.

ஆகவே பூனைக்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும் நாய்க்கும் ஒரே நாளில், அந்தந்தப் பிராணிக்கு உரிய மருந்தைப் போட வேண்டும். படுக்கைத் துணிகளைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். மூலை முடுக்கெல்லாம் கூட்டிக் குப்பையைக் கட்டி வெளியே போட வேண்டும். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் கூட்டுக்குள் இருப்பவையும் தீரும்.

முகத்தில் தொடங்கும் சொறி

அரிப்பு காது மடலின் ஓரத்தில் தொடங்கி, முகம், கழுத்து என்று பரவி, தோல் தடித்துச் சாம்பல் நிறப் பொருக்கு கட்டினால், அது பூனைச் சொறி. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி ஒன்று தோலுக்குள் வளை தோண்டிக் குடியிருப்பதால் வருவது. ஒரு பூனையிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாக ஒட்டும். மனிதர் மேல் ஏறினாலும் கொஞ்ச நாளைக்கு அரிப்பு கொடுக்குமே தவிர, நம் உடம்பில் அது நிலைத்து வாழாது. பூனையைக் குணமாக்கினால் நம் அரிப்பும் போய்விடும். பிள்ளைகளுக்காகப் பயந்து பூனையை விரட்டத் தேவையில்லை.

மருத்துவர் தோலைச் சற்றே சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து இதை உறுதி செய்வார். மருந்தும் நல்ல மருந்து. ஜப்பானில் எடுத்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்தது ஐவர்மெக்டின். அதற்கு வழிவகுத்த ஒமுரா, கேம்பல் ஆகிய இரு அறிஞர்களுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மருந்தும் அதன் வழியில் வந்த மருந்துகளும் இந்தச் சொறியைச் சில வாரங்களில் தீர்த்துவிடும். ஆனால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாங்கி வைத்த ஊசி மருந்தை நீங்களே பூனைக்குப் போடாதீர்கள். அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் ஆபத்து.

காதுக்குள் காப்பித்தூள் போல் கறுப்பு அழுக்கு சேர்ந்து, பூனை தலையை உதறிக்கொண்டே இருந்தால், அது காதில் வாழும் வேறொரு சிற்றுண்ணி. வட்டவட்டமாக முடி கொட்டிச் செதில் செதிலாக இருந்தால் படர்தாமரை. இது ஒரு பூஞ்சை. அரிப்பு அதிகம் இல்லாமலும் வரும், பிள்ளைகளுக்கும் ஒட்டும்.

பூச்சி இல்லை என்றால்?

தெள்ளும் இல்லை, சொறியும் இல்லை, பூஞ்சையும் இல்லை என்றால் சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும். பல காலமாகத் தின்றுவந்த மீனோ கோழியோகூட ஒரு பூனைக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மருத்துவர் சொல்லும், அது இதுவரை தின்றிராத ஓர் உணவை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு நெத்திலித் தலை போட்டாலும் சோதனை கெட்டது. அரிப்பு அடங்கினால் பழைய உணவை மீண்டும் கொடுங்கள். அரிப்பு திரும்பினால் காரணம் பிடிபட்டது.

"எல்லாம் அதன் மனக்கவலைதான்" என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். தோட்டத்து லயத்தைவிட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோனால் பூனைக்கும் மனம் கலங்கும், உண்மைதான். ஆனால் 2006-இல் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். மனக்கவலையால்தான் முடியை நக்கி எடுக்கின்றன என்று கருதப்பட்ட 21 பூனைகளை முறையாகச் சோதித்தார்கள். 16 பூனைகளுக்கு உடல் நோயே காரணமாக இருந்தது. மூன்றுக்கு உடலும் மனமும் சேர்ந்த காரணம். மனம் மட்டும் காரணமானவை இரண்டே இரண்டு! ஆகவே எல்லாவற்றையும் சோதித்த பிறகே மனத்தின் மேல் பழி போட வேண்டும்.

அடிவயிற்றை மட்டும் நக்கினால் சிறுநீர்ப்பையில் வலி இருக்கலாம். கடுவன் பூனை முக்கி முக்கிச் சிறுநீர் வராமல் தவித்தால் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். ஒரு நாள் தாமதமும் உயிரைக் குடித்துவிடும்.

செய்யக் கூடாதவை

கறுப்பெண்ணெய், மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் எதையும் தடவாதீர்கள். தடவியதை எல்லாம் பூனை நக்கி விழுங்கும் என்பதை மறக்கலாகாது. தண்ணீரில் கலந்தால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினியால் குளிப்பாட்டாதீர்கள்.

நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் என்னும் பொருளை நாயின் உடம்பு தாங்கும். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. நடுக்கம் கண்டு, வலிப்பு வந்து இறந்துபோகும். நாம் காய்ச்சலுக்குச் சாப்பிடும் பாராசிட்டமால் மாத்திரையும் அப்படியே. ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

கையுறை வேண்டிய புண்

ஒன்றை மட்டும் தனியே சொல்ல வேண்டும். மூக்கிலோ முகத்திலோ காலிலோ கட்டி கிளம்பி, உடைந்து, ஆறாமல் நீர் வடியும் புண் இருந்தால், அது ஸ்போரோத்ரிக்ஸ் என்னும் பூஞ்சையாக இருக்கலாம். மலேசியப் பூனைகளில் இது இருப்பது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. பூனை பிராண்டினாலோ கடித்தாலோ நமக்கும் வரும். வேலையில் கையிலே கீறல் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கையுறை இல்லாமல் அந்தப் பூனையைத் தூக்காதீர்கள். உங்கள் கையில் வரிசையாகக் கட்டிகள் கிளம்பினால், "வீட்டில் புண் உள்ள பூனை இருக்கிறது" என்று கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள். இந்த நோய்க்கு மருந்து உண்டு. மாதக்கணக்கில் கொடுத்தால் பூனையும் பிழைக்கும், மனிதரும் குணமாவார்.

நோட்டுப் புத்தகமே பாதி வைத்தியம்

மருத்துவரிடம் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அரிப்பு எப்போது தொடங்கியது? முதலில் எந்த இடம்? என்ன தின்கிறது? வீட்டில் வேறு பிராணிகள் உண்டா? மனிதர் யாருக்காவது அரிப்பு உண்டா? இதுவரை என்ன தடவினீர்கள்? கடைசிக் கேள்விக்கு வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். இந்தத் தாள் மருத்துவரின் நேரத்தையும் உங்கள் பணத்தையும் மிச்சப்படுத்தும். அரசாங்கக் கால்நடை அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். பட்டணத்துக் கிளினிக்கிலும் தீராத நோய்க்குச் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

வளர்க்கும் பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டு பிராணிகள் நலச் சட்டமும் சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும். தனக்கு என்ன செய்கிறது என்று வாய் திறந்து சொல்லத் தெரியாத ஜீவன் அது. சொல்லத் தெரியாததால்தான் நக்குகிறது.

இன்று மாலை அது உங்கள் காலடியில் வந்து படுக்கும்போது, ஒரு பேன் சீப்பையும் ஈர வெள்ளைக் காகிதத்தையும் எடுத்து வையுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.