சொந்த சர்வரில் நேரலை: ஆனைமலை முதல் டொராண்டோ வரை

தை அமாவாசைக்கு ஆனைமலை மாசாணியம்மன் கோவிலில் கொடியேறிவிட்டால், குண்டம் (தீமிதி) என்றைக்கு என்று கேட்டு வெளிநாட்டுச் சொந்தங்கள் போன் போடத் தொடங்கிவிடுவார்கள். நேரலையை யூடியூபில் விடலாம்தான். ஆனால் ஒலிபெருக்கியில் ஓடும் சினிமா அம்மன் பாட்டுக்குக் காப்புரிமைக் கொக்கி விழுந்தால், பூசாரி குண்டம் இறங்கும் நேரத்தில் ஒளிபரப்பே நின்றுபோகலாம். சொந்த சர்வரில் அந்தப் பயம் இல்லை. அங்கே வரும் தொல்லை வேறு: டொராண்டோவில் படம் விக்கி விக்கி ஓடும்.

புகார் வந்ததும் படத்தின் தரத்தைக் குறைக்காதீர்கள். முதலில் பொள்ளாச்சியில் பார்ப்பவரிடம் விசாரியுங்கள். அவருக்கும் அதே நொடியில் நின்றது என்றால் கோளாறு நம் பக்கம். திருவிழாக் கூட்டத்தின் அத்தனை போன்களும் ஒரே டவரில் தொங்கும்போது சிம் கார்டை நம்பக் கூடாது. பக்கத்துக் கடையில் ஃபைபர் இணைப்பு கேட்டு, வயரில் எடுங்கள். ஒளிபரப்பு மென்பொருளான ஓபிஎஸ்ஸின் திரையில், அடிப்பட்டையில் விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை தெரியும். அது ஏறாமல் இருந்தால் நம் பக்கம் சரி.

பொள்ளாச்சியில் ஓடி டொராண்டோவில் மட்டும் நின்றால் காரணம் தூரம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். கடலடிக் கேபிள்கள் சுற்றி வளைத்துப் போவதால், கனடாவுக்கு ஒரு தகவல் போய்த் திரும்பக் கிட்டத்தட்ட கால் விநாடி ஆகிவிடும். வழியில் ஒரு தகவல் பொட்டலம் தொலைந்தால் அது தொலைந்த செய்தி வரவே அவ்வளவு நேரம். அதோடு, வழியில் நெரிசல் என்று நினைத்து சர்வர் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். கூகுள் 2016-ல் வெளியிட்ட பிபிஆர் என்ற முறை, ஒவ்வொரு இழப்புக்கும் இப்படிப் பதறாது. லினக்ஸ் சர்வரில் இரண்டு வரி அமைப்பில் அது வந்துவிடும். செலவில்லாத இந்த மருந்தை முதலில் போட்டுவிடுங்கள்.

ஆனால் உண்மையான தீர்வு, பார்ப்பவர் பக்கத்தில் ஒரு நகலை வைப்பதுதான். இதற்கு முன்மாதிரி உண்டு. 2023 செப்டம்பரில் கொச்சியில், டெபியன் லினக்ஸ் தன்னார்வலர்களின் டெப்கான்ஃப் மாநாடு நடந்தது. அந்த மாநாடுகளின் நேரலையை அவர்களுடைய வீடியோ குழுவே கட்டற்ற மென்பொருளில் நடத்துகிறது. ஒரு தாய் சர்வர். அதிலிருந்து வாங்கிப் பார்வையாளர்களுக்குக் கொடுக்கத் துணை சர்வர்கள். நமக்கும் அதே வழிதான். நூறு பேருக்கு ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் என்றால் 200 எம்பிபிஎஸ் வேண்டும். கடைக்காரர் இணைப்பு தாங்காது. ஆனைமலையிலிருந்து ஒரே ஒரு பிரதி மேலே போகட்டும். டொராண்டோவில் வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர் அதை வாங்கி அங்குள்ளவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கட்டும்.

அந்தத் துணை சர்வரில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எச்எல்எஸ் என்ற ஒளிபரப்பு முறை வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, எந்தத் துண்டு புதியது என்று ஒரு பட்டியல் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். துண்டு எழுதினால் எழுதினதுதான், மாறாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நகல் வைத்திருக்கலாம். பட்டியல் மாறிக்கொண்டே இருப்பது. அதன் நகலை ஓரிரு விநாடிக்கு மேல் வைத்தால், பிளேயர் பழைய பட்டியலையே பார்த்துப் புதுத் துண்டு வரவில்லை என்று நின்றுவிடும். இணைப்பில் குறையே இல்லாமல் வட்டம் சுற்றும்.

தாமதத்துக்கும் அஞ்ச வேண்டாம். 6 விநாடித் துண்டுகள் மூன்றைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு பிளேயர் ஓடத் தொடங்கினால், படம் இருபது விநாடிக்கு மேல் பிந்தித்தான் வரும். வரட்டுமே! கிரிக்கெட்டில் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் கத்திவிட்டால் எரிச்சல் வரும். குண்டத்தை அரை நிமிடம் கழித்துப் பார்ப்பவருக்கு எந்த இழப்பும் இல்லை. அறுந்து அறுந்து பார்ப்பதுதான் இழப்பு. ஓபிஎஸ்ஸில் கீஃபிரேம் (முழுப் படமாக வரும் ஃபிரேம்) இடைவெளியை மட்டும் 2 விநாடி என்று வைத்துவிடுங்கள், துண்டுகள் ஒரே அளவில் விழும்.

சோதனையை நம் வசதிக்கு மத்தியானம் வைத்தால் பயனில்லை. அப்போது டொராண்டோவில் நள்ளிரவு தாண்டியிருக்கும், லைன் காலியாக இருக்கும். இங்கே காலை 7 மணி என்றால் அங்கே முந்தின நாள் இரவு 8.30, வீட்டுக்கு வீடு படம் ஓடும் நேரம். குண்டத்துக்கு முந்தின வாரம் அந்த நேரத்திலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அங்குள்ள உறவினரை மொபைலில் அல்ல, டிவியில் பார்க்கச் சொல்லுங்கள்.