கணக்குக் கேட்பது நம் உரிமை



அதிகாரி வந்து கேட்டால் நாள்வழி, பேரேடு, கொள்முதல் பில் எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறோம். அரசாங்கத்தின் கணக்கை நாம் கேட்க முடியுமா? முடியும். அந்த உரிமைக்கு முதலில் தெருவில் உட்கார்ந்தவர்களில் ராஜஸ்தானத்துக் கூலிக்காரர்கள் முக்கியமானவர்கள்.

1990-ல் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் முதலியோர் கிராம மக்களுடன் சேர்ந்து அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பீம் என்ற ஊரில் குறைந்த லாபத்தில் மளிகைக் கடையும் நடத்தினார்கள். அரசு வேலைகளில் கூலியைக் குறைத்துக் கொடுத்தார்கள். கேட்டால், "பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்கள். பதிவேட்டைக் காட்டு என்றால், அரசாங்க ரகசியம் என்றார்கள்.

1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில், கிடைத்த பதிவேடுகளை ஊரார் முன் வாசித்தார்கள். குட்டு வெளிப்பட்டது. 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. கேட்டது ஒன்றுதான்: நகல் கொடு.

1997-ல் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. ஆனால் அதில் விலக்குகள் ஏராளம். 2002-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அமலுக்கே வரவில்லை. இன்றுள்ள சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடப்பில் உள்ளது.

எங்கள் மண்டித் தெருவில் மழை பெய்தால் கிடங்குக்குள் தண்ணீர் புகும். ஒரு மழையில் என் 12 மூட்டை துவரம் பருப்பு வீணானது. சாக்கடை வேலை முடிந்துவிட்டது என்றே அலுவலகத்தில் சொல்லி வந்தார்கள். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அளவுப் புத்தகத்தின் நகல் கேட்டேன். தெரு முழுவதும் சாக்கடை கட்டியதாக அதில் இருந்தது. கட்டியதோ பாதித் தெரு! நகலோடு சங்கத்தார் போய் நின்றோம். மீதி வேலை நடந்தது.

மனு கொடுத்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். காரணமின்றித் தாமதித்தால் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம்.

2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் விவரம் என்று சொல்லித் தகவலை மறுக்கும் வழியை அகலமாக்கியது. கோட் கிரானாவில் வாசித்த கூலிப் பட்டியலும் பெயர்ப் பட்டியல்தானே? பேரேட்டை மூட நினைப்பவர்கள் எப்போதும் உண்டு. கேட்பவர்கள் இருக்கும்வரைதான் அது திறந்திருக்கும். கேட்போம்!